கிட்டியை ஊரறியச் செய்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பட்டு என்றாலும் காஞ்சி, கோயில் என்றாலும் காஞ்சி. இந்த இரண்டு பெருமைகளைப் பற்றியும் நம் ஆண்டு மலரில் யாராவது ஒருவர் எழுதாத ஆண்டு இருந்திருக்காது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நானும் அதையே எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் நான் எழுத வந்தது காஞ்சியில் பிறக்காத ஒருவரைப் பற்றி. இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு சென்னை வணிகரைப் பற்றி. அவர் பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

இப்பெயரை நீங்கள் எல்லோரும் ஒருமுறை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் சென்னைவாசிகள் சங்கம் என்ற தலைப்பின் கீழ் சில வரிகள் வரும். நிறுவியவர் யார், ஆண்டு எது என்று ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்தோம். தேர்வு முடிந்தது, மறந்தோம். எனக்கு அந்தப் பெயர் மீண்டும் நினைவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் ஒரு கடைக்காகக் கூலிக்கு நெய்கிறார். பாவும் ஊடையும் ஜரிகையும் கடையிலிருந்து வரும். நெய்து கொடுத்தால் கூலி. சென்ற ஆண்டு வந்த ஜரிகையைக் கையில் எடுத்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டு பழகிய விரல் அல்லவா! இருந்தாலும் அவர் ஒன்றும் பேசவில்லை. நான்தான் சும்மா இருக்கவில்லை. அந்த ஜரிகையில் ஒரு சாணும், பாட்டியின் கல்யாணப் புடவையில் நைந்துபோயிருந்த முந்தியிலிருந்து ஒரு சாணும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பேராசிரியரிடம் அனுமதி பெற்று, இரண்டையும் தனித்தனிச் சோதனைக் குழாயில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புக் கரைசல் சேர்த்தேன். முதலாண்டிலேயே நாம் செய்த சோதனைதான். பாட்டியின் ஜரிகை தயிர் போல வெண்மையாகத் திரண்டு அடியில் படிந்தது. கடை ஜரிகை இலேசாகக் கலங்கியதோடு சரி. அந்தப் புடவைகள் முழு வெள்ளி ஜரிகை என்ற சீட்டோடு விற்கப்படுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதை வெளியே சொல்லவேண்டும் என்றேன். அப்பா கூடாது என்றார். அதோடு பேச்சு நின்றது. ஆனால் என் மனத்துக்குள் நிற்கவில்லை. நான் ஏன் சொல்லத் துடிக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். புடவை வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பதற்காகவா? அல்லது அந்தக் கடையில் ஒருநாள் அப்பாவை வாசலிலேயே இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்களே, அதற்காகவா? இரண்டையும் பிரித்து எடுக்க என் வேதியியல் உதவவில்லை. மறைத்து வைத்திருப்பதை வெளியே சொல்கிறவனுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோதுதான் பத்தாம் வகுப்பில் மறந்துபோன பெரியவர் மீண்டும் எதிரே வந்து நின்றார்.

லட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார், பெயர் பெற்ற அவுரி வணிகர். அவுரியிலிருந்துதான் அந்நாளில் நீலச்சாயம் வந்தது. (ஜெர்மானியர்கள் அதைத் தொழிற்சாலையில் செய்து சந்தைக்கு அனுப்பியது 1897-ல், அதன்பின் அவுரி வயல்களின் கதி என்ன ஆயிற்று என்பதை நம் கரிம வேதியியல் பாடம் சொல்வதில்லை.) மகனும் சிறு வயதிலேயே தந்தையின் தொழிலில் பழகினார். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857-ல். ஆகவே அவர் பட்டம் பெற்றவர் அல்லர். அவுரி, துணி, பஞ்சு ஆகியவற்றின் வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். முப்பத்தைந்து வயதுக்குள் அவருக்கு எதற்கும் குறைவில்லை. கம்பெனி அரசாங்கத்தோடு சுமுகமாக இருந்துகொண்டு தொழிலைப் பெருக்கியிருந்தால், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அக்காலச் சென்னையின் செல்வர் பலரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அவர் பொதுவாழ்வில் இறங்கியது உழவருக்காக அன்று. இதை ஒளிக்கவேண்டியதில்லை. அரசாங்கம் மதம் சார்ந்த காரியங்களில் ஒருபக்கமாகச் சாய்கிறது, மிஷனரிகளுக்குச் சலுகை காட்டுகிறது என்ற மனக்குறை அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. 1844 அக்டோபர் 2-ஆம் நாள் கிரெசென்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை, முன்பு படையில் இருந்தவரை, ஆசிரியராக அமர்த்தினார். யாரிடம் முறையிடுகிறோமோ அவர் படிக்கும் மொழியில், அவருடைய இனத்தார் ஒருவர் கையாலேயே எழுத வைத்தது வணிகருக்கே உரிய சாதுரியம் என்று எனக்குப் படுகிறது.

பத்திரிகையைப் பற்றிய விளம்பரம் ஒன்றை அரசாங்கக் கெஜட்டில் வெளியிடக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்த இடம் அவருக்கு இல்லை. சிறிய சங்கதிதான். ஆனால் ஒரு மனிதரை நீண்ட வழியில் திருப்பிவிடுவது பெரும்பாலும் இத்தகைய சிறிய சங்கதிதானே? 1846-ல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக வைக்க ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் அரசு முனைந்தபோது, செட்டியார் தலைமையில் சென்னையில் பெருங்கூட்டம் கூடி இங்கிலாந்துக்கு மனு அனுப்பியது. மனு எழுதவும், கையெழுத்துச் சேர்க்கவும், கடல் கடந்து அனுப்பி விடைக்குக் காத்திருக்கவும் சென்னை மக்கள் அவரோடு சேர்ந்து கற்றுக்கொண்டார்கள்.

1852 பிப்ரவரியில் சென்னைவாசிகள் சங்கம் பிறந்தது. முதலில் கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாக இருந்து, சில மாதங்களிலேயே தனித்து நின்றது. கம்பெனியின் சாசனம் 1853-ல் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்தின் நிலையை நாடாளுமன்றத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சங்கம் ஒரு நீண்ட மனுவைத் தயாரித்தது. நிலவரியின் கொடுமை, நீதிமன்றத் தாமதம், பள்ளிகள் இல்லாமை, சாலைகளும் ஏரிகளும் பழுதாகிக் கிடந்தமை என்று பலவும் அதில் இருந்தன.

அந்த மனுவில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். மொதர்பா என்று ஒரு வரி அக்காலத்தில் இருந்தது. கைத்தொழில்களின் மீது விதித்த வரி. நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்வோர், கடை வைத்திருப்போர், தெருவோரத்தில் கூடை வைத்து விற்போர் உட்பட எவரையும் அது விடவில்லை. மனு நெசவாளரை முதலாகப் பெயர் சொல்லி அவர்களுடைய துன்பத்தை எடுத்துக் கூறியிருந்தது. ஆக, என் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில், தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி இலண்டனில் யாரோ ஒருவர் படிக்கும்படி சென்னையில் ஒரு வணிகர் செய்திருக்கிறார். துணி வாங்கி விற்றவருக்கு அத்துணியை நெய்தவனின் வீட்டு நிலை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கும் வணிகர்களையும் நாம் அறிவோம்.

இனிச் சொல்லப்போவதுதான் அவர் வாழ்வின் உச்சி. அதை விளங்கிக்கொள்ள அக்கால வரி வசூலைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும்.

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை. உழவனிடமிருந்து அரசாங்கமே நேராகக் கிஸ்தி வாங்கும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி உண்டு. வசூலிப்பவர் தாசில்தார், அவருக்குக் கீழே சேவகர்கள். 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அதே தாசில்தாரே அவ்வட்டாரத்துப் போலீசுக்கும் தலைவர். பணம் வராவிட்டால் என்ன செய்தார்கள்? கிட்டி போட்டார்கள். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கோல்களுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும், தொடையில் கிள்ளுவதும், சோறு தண்ணீர் இன்றி அடைத்து வைப்பதும் உண்டு. பாட்டியிடம் இச்சொற்களைச் சொன்னேன். கிட்டியைப் பற்றிக் கேட்டதும் வலிப்பு வந்தவனுக்குப் பல் கிட்டிப்போவதைச் சொன்னாள். அண்ணாந்தாள் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொடுத்த தண்டனை என்றாள். ஓர் அரசாங்கத்தின் கருவூலம் இவற்றால் நிரம்பியது என்று சொன்னபோது அவள் நம்பவில்லை.

நம்பாதவள் அவள் மட்டும் அல்லள். கலெக்டர் அலுவலகத்துக் கணக்கில் கிஸ்தி வசூலானது என்று ஒரு வரிதான் இருக்கும். எப்படி வசூலானது என்று ஒரு பத்தி இருக்காது. அடிபட்ட உழவன் யாரிடம் புகார் செய்வான்? போலீசிடம். போலீஸ் யார்? தாசில்தார். அடித்தவர் யார்? தாசில்தாரின் ஆட்கள். இவ்வளவுதான் அந்த இரகசியத்தின் பூட்டு. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, தடுக்கக்கூடியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாதது போல இருக்க முடிந்தது.

நம் காலத்தில் அரசு இரகசியங்களை வெளியிட்டவர்கள் என்றால், வியட்நாம் போர் பற்றிய ஆவணங்களை 1971-ல் வெளிக்கொணர்ந்த டேனியல் எல்ஸ்பெர்க்கையும், அமெரிக்க அரசு மக்களின் தொலைபேசியையும் இணையத்தையும் வேவு பார்த்ததை 2013-ல் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனையும் சொல்கிறோம். அவர்கள் இரகசியத்தின் உள்ளே வேலை பார்த்தவர்கள். கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தவர்கள். அந்த வாக்கை முறித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். செட்டியாரின் நிலை வேறு. அவர் எந்த அலுவலகத்திலும் இல்லை. இரகசியத்தின் உள்ளே இருந்தவர்கள் அடிபட்ட உழவர்களே. அவர்களிடம் சான்று இருந்தது, உடம்பிலேயே இருந்தது. இல்லாதவை ஆங்கிலமும், பத்திரிகையும், பயமின்றிப் பேசக்கூடிய அளவுக்குப் பணமும். செட்டியாரிடம் மூன்றும் இருந்தன. ஆகவே அவர் செய்தது கண்டுபிடிப்பு அன்று, கொண்டுபோய்ச் சேர்த்தது. துணிக்கட்டு ஒன்றை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் சேர்ப்பது அவருடைய தொழில் அல்லவா?

இங்கிலாந்தில் இந்தியச் சீர்திருத்தக் கழகம் 1853-ல் தோன்றியது. அதன் தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர். அவர் நிலைமையை நேரில் காண அவ்வாண்டு அக்டோபரில் சென்னை வந்தார். செட்டியார் அவரை விருந்து வைத்து அனுப்பிவிடவில்லை. உடன் கிளம்பினார். தென்னாட்டில் முதல் ரயில் ஓடியது 1856-ல்தான். ஆகவே பல்லக்கும் மாட்டுவண்டியும் தவிர வேறு வழியில்லை. கடலூர், திருச்சி, சேலம், திருநெல்வேலி, வடக்கே குண்டூர் என்று இருவரும் சுற்றினார்கள். செட்டியாருக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கடையைப் பிறர் கையில் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் புழுதியில் அலைந்தார். சென்ற இடங்களில் உழவர்கள் கூடித் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் கேட்கிறார் என்பதால் மட்டும் அவர்கள் வாய் திறந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கலெக்டர்களும் வெள்ளைக்காரர்கள்தாமே, அவர்களிடம் ஏன் சொல்லவில்லை? கூட ஒருவர் நின்றார், அவர் தாசில்தாரின் ஆள் அல்லர் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

1854 ஜூலையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றிய விவாதம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வந்தபோது சீமோர் தாம் அறிந்ததைப் பேசினார். சித்திரவதை என்ற சொல் அவையில் எழுந்ததும், கம்பெனியைச் சார்ந்தவர்கள் அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றார்கள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. விசாரணை வைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வாண்டே சென்னையில் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். நார்ட்டன் வழக்கறிஞர், மாகாண அரசின் குறைகளைப் பற்றி அதற்கு முன்பே அச்சில் எழுதியவர்.

முறையீடு உடையவர்கள் வரலாம், எழுதலாம் என்று மாவட்டங்களில் அறிவிப்புச் செய்யப்பட்டது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 2,000 முறையீடுகள் வந்து குவிந்தன. பலர் எழுதினார்கள். நூற்றுக்கணக்கானோர் நேரிலேயே வந்தார்கள், மிக நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்களும் உண்டு. அந்த நடையை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். இழந்த பணம் திரும்பி வரும் என்று அவர்கள் நடந்திருக்கமாட்டார்கள். பலருக்கு அது சில ரூபாய்க் கணக்கு. வழியில் தின்ற சோற்றுக்கே அது சரியாகப் போயிருக்கும். ஒருமுறையாவது ஒருவர் அதை எழுதிக்கொள்ளவேண்டும் என்று நடந்தார்கள்.

1855 ஏப்ரலில் குழு அறிக்கை தந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. கிட்டியையும் அண்ணாந்தாளையும் அப்பெயர்களாலேயே பதிந்தது. கூடவே இன்னொன்றையும் எழுதிவைத்தது. கொடுமை செய்தவர்கள் கீழ்நிலையில் இருந்த இந்தியச் சிப்பந்திகளே. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்றது. கிஸ்தியை இவ்வளவு உயர்த்தி வைத்து, இவ்வளவு நாளுக்குள் கொண்டுவா என்று உத்தரவு போட்டது யார் என்ற கேள்விக்கு அறிக்கையில் போதிய இடமில்லை. கார்ல் மார்க்ஸ் 1857-ல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதியபோது ஏறத்தாழ இதையே சுட்டிக்காட்டினார். இருந்தாலும் பூட்டு உடைந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரிக்கும் சென்னைப் போலீஸ் சட்டம் 1859-ல் வந்தது. அடித்தவனிடமே புகார் செய்யவேண்டிய நிலை சட்டத்தின் அளவிலாவது நீங்கியது.

செட்டியார் இதையெல்லாம் ஏன் செய்தார்? எனக்கு முதலில் கிடைத்த விடை கருணை என்பது. அந்த விடை எனக்குப் போதவில்லை. கருணை மட்டுமே காரணம் என்றால் அவர் 1844-லேயே உழவரிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. தம் சமயத்துக்கு இழுக்கு நேர்கிறது என்ற கோபத்தில் தொடங்கினார். தமக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பற்றிய ரோஷம் அதோடு சேர்ந்தது. பத்திரிகை என்று ஒன்று இருந்தால் ஊர்க்காரர்கள் கடிதமும் கையுமாக வரத்தானே செய்வார்கள்? கேட்கக் கேட்க, தம் சொந்தக் கோபத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று வெளியே இருப்பதை அவர் கண்டிருக்கவேண்டும். வணிகரின் கணக்குப் புத்தியும் உதவியிருக்கும்: வறண்ட ஆண்டிலும் வரவுக் கலம் நிரம்புகிறது என்றால், எங்கோ ஏதோ ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது என்று கணக்கு எழுதிப் பழகியவனுக்குத் தோன்றும். தூய நோக்கம் வரட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் கிட்டி இன்னும் சில காலம் இருந்திருக்கும். கலந்த நோக்கத்தோடுதான் வண்டி ஏறினார். போகும் வழியில் அது மாறியிருக்கலாம்; மாறாமலும் இருந்திருக்கலாம். அடிபட்டவனுக்கு அதனால் என்ன?

இதைப் படித்தபோது எனக்கு ஓரளவு மூச்சு வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அரசாங்கம் அவரை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆபத்தானவர் என்று எண்ணியது. அவருடைய போக்குவரத்தைக் கவனிக்கப் போலீசாரை ஏவியது. அவர் செய்ததெல்லாம் அச்சிட்டு விற்ற பத்திரிகை, கதவைத் திறந்து வைத்து நடத்திய கூட்டம், கையெழுத்திட்டு அனுப்பிய மனு. வேவு பார்ப்பதற்கு அதில் என்ன இருந்தது? மறைவாக நடந்தது தாசில்தார் கச்சேரியில். போலீஸ் நின்றதோ செட்டியார் வீட்டு வாசலில்.

பிறகு காற்று மாறியது. 1858-ல் கம்பெனி போய் மகாராணியின் ஆட்சி வந்தது. அதே அரசாங்கம் அவருக்கு ஸ்டார் ஆஃப் இந்தியா விருதை அளித்தது. 1863-ல், சென்னைச் சட்டமன்றத்தின் முதல் இந்திய உறுப்பினரான சடகோபாச்சாரியார் மறைந்தபோது, அவ்விடத்துக்குச் செட்டியாரை நியமித்தது. சங்கமோ 1862-க்குள்ளாகவே ஓய்ந்துவிட்டிருந்தது. விருதை அவர் ஏன் ஏற்றார் என்று நம் வகுப்பு நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். ஏற்காமல் இருந்திருந்தால் நமக்கு நன்றாக இருந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் நமக்கு நன்றாக இருப்பதற்காக அவர் வாழவில்லையே!

1868-ல் அவர் காலமானார். சேர்த்த செல்வமெல்லாம் பத்திரிகையிலும் பொதுக்காரியங்களிலும் கரைந்துவிட்டது, வறுமையிலேயே மறைந்தார். அவுரியிலும் பஞ்சிலும் ஈட்டிய பொருள் இருபது ஆண்டுகளில் தாளாகவும் தபாலாகவும் வண்டிக்கூலியாகவும் போயிற்று. அவருக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் 1884-ல் சென்னை மகாஜன சபையும், அடுத்த ஆண்டில் காங்கிரசும் பிறந்தன.

இக்கட்டுரையை எழுதுமுன் ஒருநாள் மாலை அப்பாவிடம் இந்த வரலாற்றை முழுவதும் சொன்னேன். அவர் தறியை நிறுத்தவில்லை. கோர்வை மாறும் இடம் வரும்போது மட்டும் கை சற்றுத் தயங்கியது. சொல்லி முடித்ததும் அவர் செட்டியாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை தூரம் நடந்துபோய்ச் சாட்சி சொன்னார்களே, அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பிப் போனார்கள் என்று கேட்டார். அவரவர் ஊருக்குத்தான் என்றேன். அந்த ஊர்த் தாசில்தார் மாறிவிட்டாரா என்றார். அறிக்கை வந்தது 1855-ல், போலீஸ் பிரிந்தது 1859-ல் என்றேன். அப்படியானால் நடுவில் நான்கு ஆண்டு என்றார்.

நான் சட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். தகவல் அறியும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே கொண்டுவந்துவிட்டது, இந்தியா முழுமைக்கும் 2005-ல் வந்தது, முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது என்றேன். அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை பல ஆண்டுகள் வராமலே கிடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அதுவும் அரசு ஊழியரின் தவறுகளுக்கான சட்டம். ஒரு கடையின் ஜரிகைக்கு அது பொருந்தாது.

செட்டியாருக்குச் சொந்தப் பணம் இருந்தது. கடைக்கு அவர் கடன்படவில்லை என்றார் அப்பா. எங்களுக்கு முன்பணம் இன்னும் நாற்பதாயிரம் ரூபாய் நிற்கிறது. அதில் என் விடுதிக் கட்டணமும் சேர்ந்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

ஜரிகையைப் பற்றி மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். கடையின் பெயரைப் போடாதே என்றார். தன் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, அந்த இரண்டு சோதனைக் குழாய்களையும் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவரமுடியுமா, பாட்டி பார்க்கவேண்டும் என்கிறாள் என்றார். பாட்டி அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

குழாய்களை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. ஆகவே வரும் சனிக்கிழமை அப்பாவையே கல்லூரிக்கு அழைத்து வரப் பேராசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தறியில் இருக்கும் புடவை வெள்ளிக்கிழமை இறங்கிவிடும்.